தொண்ணூத்தெட்டுன்னு எழுதுடி

ஹலோ... ஹலோ! அப்பாடா, எடுத்துட்டியா! நாலு நாளா அடிக்கிறேன்டி, நாலு நாளா! போனை அணைச்சு வச்சுட்டு எங்க போய்த் தொலஞ்ச?

...

என்ன, பேச மாட்டியா? கோவமா? கோவிச்சுக்க வேண்டியவ நானு. சரி அத விடு, மொதல்ல நம்பரச் சொல்லு. பட்டியல்ல தோல் கட்சிப் பக்கம் ஒரு கட்டம் காலியா கெடக்கு. சதைக் கட்சி ஜெயிச்சாச்சுன்னு எழுதிடவா? அப்புறம் அக்கா ஏமாத்திட்டான்னு மூக்கால அழக் கூடாது...

...யாரு?

ஓ, பாப்பாவா! குரல் அப்படியே உங்கம்மா குரல்... நான்தான்மா, பெரியம்மா பேசறேன். ... ஆமா, ஆமா, ஊசி போட்டுக்கிட்ட பெரியம்மா. அப்படியா சொல்லுவா என்ன? ஊசிப் பெரியம்மாவா? வரட்டும், வச்சுக்கறேன் அவள. ... குடு கண்ணு அம்மாகிட்ட. தூங்கறாளா? எழுப்பு, பரவால்ல. நான்தான்னு சொல்லு.

...

என்ன?

... இரு, இரும்மா. இங்க பஸ்ஸு ஒண்ணு கிளம்புது, ஒண்ணும் கேக்கல. நான் ஆபீஸ் பின்ரூம்ல இருந்து பேசறேன். ... இப்பச் சொல்லு.

...

இல்ல. என்ன சொல்ற நீ. ... இல்லம்மா. ஞாயித்துக்கிழமை எங்கிட்டப் பேசினாளே. முக்கா மணி நேரம் பேசினாளே.

...

எப்போ? ... செவ்வாக்கிழமையா. விடிகாலையில. ... ஆமா. ... ஆமாம்மா. கேக்குது. சொல்லு.

... எல்லாம் முடிஞ்சிருச்சா. ... எனக்கு யாரும்மா சொல்லுவா. உங்க வீடு எந்தத் தெருன்னுகூட எனக்குத் தெரியாதே. உங்கம்மாவப் பாத்ததெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சிலதான். மத்ததெல்லாம் இந்தப் போன்லதான்.

...

அழு கண்ணு. அழு. நான் வைக்கல.

...

சார், சாப்பாட்டு நேரம் இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ரிசர்வேஷன் பேப்பர அங்க வைங்க, பாக்கறேன். ... வைங்க சார்னு சொல்றேன்ல!

... உன்ன இல்லம்மா. இங்க சூப்பர்வைசர். ஆளக் கவுண்டர்ல இருந்து எடுத்துப் பின்ரூம்ல போட்டாலும் விட மாட்டேங்கறாரு. நெத்தியில செதில் வந்தப்போ, டிக்கெட் வாங்க வர்றவங்க முகம் சுளிக்கறாங்கன்னு உள்ள தள்ளிட்டாங்க என்ன. அதச் சொன்னப்போ உங்கம்மா சிரிச்சா பாரு... "அக்கா, என்ன லேப்ல இருந்து எடுத்து ஸ்டோர் ரூம்ல போட்டாங்க, நாம ரெண்டு பேரும் சேந்து பழைய நாற்காலிக்குச் சங்கம் வைக்கலாம்"னா. பள்ளிக்கூட லேப்ல இருபது வருஷம் அளந்து அளந்து ஊத்தினவ. கையில கொப்புளத்தோட ஊத்தக் கூடாதுன்னுட்டாங்களாம்.

...

ஊசியாலயாம்மா? ... இல்லையா. டாக்டரம்மாவே சொன்னாங்களா. ... முதுகுலயா. ... ஆமா, கொப்புளம் உடைஞ்சு புண்ணாயிருக்குன்னு சொன்னா. ... சீழ் வச்சு... ரத்தத்துல கலந்து...

... ம். ... ம்.

எத்தன நாளா? ... அஞ்சு நாளா இருந்திருக்கும்னா சொன்னாங்க? ... ஆமா. எதிர்ப்புச் சக்திய அடக்கற மாத்திரை சாப்பிடறோம்ல நாங்க, காய்ச்சல் மட்டும்தான் வெளிய தெரியும், மத்தபடி உள்ளுக்குள்ளயே... ஆமா. ஊசி போட்ட சிஸ்டர் எங்களுக்கும் சொன்னாங்க அத. மொத நாளே சொன்னாங்க.

... முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தாப் பொழச்சிருப்பாளா.

...

யாரு சொன்னது அப்படி? ... பெரிய டாக்டரா.

... நீ இப்ப எங்கம்மா இருக்க? ... தோல் ஆஸ்பத்திரியிலயா? அங்க என்ன இன்னிக்கு? ... டைரியா. எந்த... ஓ. அந்த டைரி.

...

தெரியும்மா. எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. பச்சை அட்டை. ஏழு நாள், ஏழு பக்கம். ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கா, எவ்வளவு அகலம், காய்ச்சல் எத்தன... சாயங்காலம் ஏழு மணிக்கு எழுதணும். ... ஆமாமா. ஆராய்ச்சிதான். உனக்கு அவ முழுசாச் சொல்லலையா? எங்கள மாதிரி ஆளுங்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசிய எப்படிப் போட்டா நல்லாப் புடிக்கும்னு பாக்கறாங்க. தோலுக்குள்ள கொஞ்சமாப் போடறதா, புஜத்துச் சதையில முழுசாப் போடறதா. உறையப் பிரிச்சா அவளுக்குத் தோலு வந்துது, எனக்குச் சதை. அதுலதான் இந்தக் கட்சியெல்லாம். சும்மா விளையாட்டும்மா. பெஞ்சில ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தா வேற என்ன பண்றது?

...

என்ன எழுதியிருக்கு?

... ஏழு பக்கத்துலயுமா. ... ஆறு. சரி, ஆறு பக்கத்துலயும். தொண்ணூத்தெட்டு.

...

ஆமா, அவ கையெழுத்துதான் அது. எட்டுக்கு நடுவுல இடுப்பு ஒடிஞ்ச மாதிரி இருக்குமே... ஆமா.

... நீ தொட்டுப் பாத்தியா. சுட்டுச்சா. ... "ஊசி போட்டா எல்லாருக்கும் சுடும், நீ ஷிப்டுக்குக் கிளம்பு"ன்னாளா. ... நீ என்னம்மா பண்ணுவ? நீ டாக்டரா? பெத்தவ சொன்னா நம்பத்தானே செய்வ.

... இல்ல, இல்ல. உன்மேல ஒரு தப்பும் இல்ல. அப்படிச் சொல்லாத. உன்மேல இல்லம்மா!

...

யாரு? ... சிஸ்டரா?

... எதுக்கு அவங்க? ... ஓ. ... ஓ.

... பெரிய டாக்டர் முன்னாடியா. ... நீ அவங்கமேல புகார் எழுதியே குடுத்துட்டியா, கையெழுத்துப் போட்டு?

...

புரியுது. புரியுதும்மா. லேப்ல வேலை பாத்தவ தப்பா எழுத மாட்டா, யாரோ சொல்லிக் குடுத்துத்தான் எழுதியிருக்கான்னு சொல்ற. ... ஆமா. ஆராய்ச்சி நல்லபடியா முடிஞ்சுதுன்னு காட்டறதுக்கு, சிஸ்டர்தான் அப்படி எழுதச் சொல்லியிருக்கணும்னு. ... அவங்க என்ன சொல்றாங்க? ... அழறாங்களா. ... "நாலாம் நாள் போன் பண்ணிக் கேட்டேன், தொண்ணூத்தெட்டுன்னுதான் சொன்னாங்க"ன்னு சொல்றாங்களா.

... இருக்கலாம்மா. ... இருக்கும். யாரு கண்டா. இந்த ஆஸ்பத்திரியில யாரு எத...

...

எங்கிட்டயா? எங்கிட்ட சிஸ்டர் என்ன சொன்னாங்கன்னா... எனக்கு... கொஞ்சம் இரும்மா. தண்ணி குடிச்சுக்கறேன்.

...

இருக்கேன். ... இருக்கேன் கண்ணு.

... வேலைய விட்டே எடுத்துடுவாங்களா அவங்கள? ... இன்னிக்கேவா?

...

பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன். முடிக்கிற வரைக்கும் வச்சிடாத. அப்புறம் நீ என்ன வேணா பண்ணு.

சிஸ்டர் இல்லம்மா. சிஸ்டர் எழுதச் சொல்லல. நான்தான் சொன்னேன்.

...

நான். ஊசிப் பெரியம்மா.

... ஆமா. நெஜமாத்தான். மூணாம் நாள் சாயங்காலம் போன் பண்ணினா. "நூறு காட்டுதுக்கா"ன்னா. நான்தான் சொன்னேன், தொண்ணூத்தெட்டுன்னு எழுதுடின்னு. அவ மாட்டேன்னா. "அளந்தத அளந்தபடிதான்கா எழுதணும்"னா. நான் விடல. போன்லயே வாத்தியார் மாதிரி பாடம் எடுத்தேன். "உண்மைய எழுதினா உன்ன வெளிய அனுப்பிடுவாங்கடி, துணிக்கடைக்காரர் கதி ஆயிடும்"னேன்.

... துணிக்கடைக்காரர்னு ஒருத்தர். எங்களுக்கு முன்னாடி ஊசி போட்டுக்கிட்டவர், அவருக்கும் என்ன மாதிரி செதில். காய்ச்சல்னு எழுதினாரு, அடுத்த வாரம் பெஞ்சில ஆளக் காணோம். எடுத்துட்டாங்கன்னு நாங்களா முடிவு பண்ணிட்டோம். ... இல்லம்மா, யாரையும் கேக்கல. கேட்டா நமக்குக் காய்ச்சல்னு கண்டுபுடிச்சிடுவாங்கன்னு கேக்கல. முட்டாள். வாய் மட்டும் காத தூரம், மூளை ஒரு கடுகு. நான்தான், அவ இல்ல.

...

கத்து. நல்லாக் கத்து.

...

ஏன்னா... ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்வேன் கண்ணு. வெளிய அனுப்பிட்டா மறுபடி டாக்டரப் பாக்க மூணு மாசம் வரிசை. ஆராய்ச்சியில இருந்தா வாராவாரம் பாப்பாங்க. ... அது மட்டும் இல்ல. அது மட்டும்னா நான் அவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

ஊசி போட்ட அன்னிக்கு சிஸ்டர் அவ கையப் புடிச்சாங்க. கொப்புளம் இல்லாத தோலாப் பாத்துப் போடணும்ல, முன்னங்கையப் புடிச்சுக்கிட்டு, விரலால தடவித் தடவித் தேடினாங்க. உங்கம்மா கண்ணுல தண்ணி. வலிக்குதான்னு கேட்டாங்க. "இல்ல சிஸ்டர், மெதுவாவே தேடுங்க"ன்னா.

... உன்னச் சொல்லலம்மா. நீ முதுகுக்கு மருந்து போட்டு விடுவேன்னு பெருமையாச் சொல்லுவா. மத்தவங்கள... பஸ்ல பக்கத்து சீட்டு காலியாவே வரும் எங்களுக்கு. தொடற மனுஷங்க கிடைச்சா அந்த எடத்த விட மனசு வருமா? எனக்கு வரல. அவளையும் விட விடல. அவ இல்லாம அந்தப் பெஞ்சில நான் தனியா உக்காரணுமேன்னு... அதுதான்மா உண்மை. எனக்காகத்தான் சொன்னேன். அவளுக்காகன்னு அவகிட்டயும் சொல்லிக்கிட்டேன், எனக்கும் சொல்லிக்கிட்டேன்.

...

... ம்.

... ம். சொல்லு. நீ சொல்றது எல்லாம் சரி.

...

பாப்பா, சிஸ்டர் அங்க இருக்காங்களா? குடு அவங்ககிட்ட. ... நீ சொன்னா நம்புவாங்களோ என்னவோ, நானே சொல்றேன். ... ஸ்பீக்கர்ல போடறியா? போடு. பெரிய டாக்டரும் கேக்கட்டும்.

...

வணக்கம் சிஸ்டர். ... ஆமா, நான்தான். சதைக் குரூப்பு, பதினெட்டாம் நம்பர். ... அழாதீங்க சிஸ்டர். உங்கமேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லத்தான் பேசறேன். நீங்க போன் பண்ணினப்போ அவ தொண்ணூத்தெட்டுன்னு சொன்னா, ஆமா. அதுக்கு அரை மணி முன்னாடி எங்கிட்ட நூத்தியொண்ணுன்னு சொன்னா. என்ன சொல்லணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

... எழுதிக் குடுக்கறேன். எங்க வேணா வந்து கையெழுத்துப் போடறேன்.

... என்னுதா? என் டைரியிலயும் ஒரு பொய் இருக்கு. ரெண்டாம் நாள் எனக்கு நூறு இருந்துது. அடுத்த நாளே எறங்கிடுச்சு, அதனால தைரியம் வந்துடுச்சு எனக்கு. எனக்கு எறங்கின மாதிரி அவளுக்கும் எறங்கிடும்னு...

... துணிக்கடைக்காரரா? ஆமா, அவரு காய்ச்சல்னு எழுதினாரே, அவர எடுத்துட்டீங்கள்ல...

...

எடுக்கலையா?

... வார்டுல வச்சு... குணமாகி... இன்னும் வர்றாரா? ... கிழமை மாத்திக் குடுத்தீங்களா. வியாழக்கிழமை வர்றாரா.

...

நாங்க திங்கக்கிழமை. ஆமா. நாங்க எப்படிப் பாப்போம்.

... இல்ல சிஸ்டர், மயக்கம் எல்லாம் இல்ல. உக்காந்துதான் இருக்கேன். கேளுங்க.

... சரியான நம்பரா? அவளோடதா? இருக்கு. எங்கிட்ட இருக்கு. எங்க விளையாட்டுக்கு நாங்களா ஒரு பட்டியல் போட்டிருந்தோம், இந்தப் பக்கம் தோல், அந்தப் பக்கம் சதை. அதுல மட்டும் பொய் கிடையாது. "விளையாட்டுல ஏமாத்தக் கூடாதுக்கா"ம்பா... இருங்க, பைய எடுக்கறேன்.

...சார், கொஞ்சம் வெளிய இருங்க. ... பஸ்ஸு நிக்கட்டும் சார்.

... இந்தா, எடுத்துட்டேன். எழுதிக்கறீங்களா? மொத நாள் தொண்ணூத்தெட்டு. தடிப்பு ஒரு சென்டிமீட்டர், ஸ்கேல் வச்சே அளந்திருக்கா. ரெண்டாம் நாளும் அதேதான், அரிப்பு மட்டும். மூணாம் நாள் நூறு. ... ஆமா, அன்னிக்குத்தான் முதுகுல ஈரமா இருக்குன்னா. புண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணல சிஸ்டர், ஊசிக் காய்ச்சல்னுதான் நெனச்சேன். நாலு, நூத்தியொண்ணு. அஞ்சு... நூத்தி ரெண்டு. குளுருதுன்னா. ரெண்டு போர்வை போத்திக்கிட்டுப் பேசறேன்னா. மாத்திரை போட்டு, பொண்ணு ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்குள்ள எறக்கி வச்சுக்குவேன், அவளுக்குத் தெரிஞ்சா வேலைக்குப் போக மாட்டான்னு...

...

ஆறாம் நாள், ஞாயிறு. நூத்தி மூணு.

... ஆமா சிஸ்டர். அன்னிக்கும் தொண்ணூத்தெட்டுன்னுதான் எழுதினா.

... அன்னிக்கு அவளே கேட்டா. "அக்கா, இப்பவாவது உள்ளத எழுதிடட்டுமா"ன்னு கேட்டா.

...

நான், "நாளைக்கு ஒரு நாள்தானடி, ஏழு நாள் முடிஞ்சுடட்டும்"னேன்.

...

சிஸ்டர்? ... கேக்குதா?

... ஏழாம் நாள் தெரியாது. ஏழு மணிக்கு அடிச்சேன். எடுக்கல. எட்டுக்கும் அடிச்சேன்.

...

பாப்பா கேட்டுட்டுதான் இருக்காளா? ... குடுங்க. அவ பேசணும்னா குடுங்க.

...

கண்ணு.

...

... ஆமா. ... ஆமா.

... இல்லம்மா, மன்னிச்சிடுன்னு கேக்க வரல. அதக் கேக்க எனக்கு வாய் கிடையாது.

...

... சரி. ... சரிம்மா, பண்ணல. இனிமே இந்த நம்பருக்குப் பண்ணல.

... அழிச்சிடறேன். சத்தியமா.

...

நீயே வச்சிடு கண்ணு. எனக்குக் கை வரல.